சோதனை முடிந்தது, முடிவு எங்கே?

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தந்தை ஒரு மருத்துவமனையில் நடந்த சர்க்கரை நோய் மருந்துச் சோதனையில் சேர்ந்தார். மாதந்தோறும் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்தார். பெயரில்லாமல் எண் மட்டும் ஒட்டிய டப்பாவிலிருந்து மாத்திரை சாப்பிட்டார். பதினெட்டு மாதம் கழித்து, ‘முடிந்துவிட்டது, இனி வர வேண்டாம்’ என்றார்கள். அந்த மருந்து பலன் தந்ததா, அவர் சாப்பிட்டது மருந்துதானா என்று கேட்டால், ‘அதெல்லாம் ஆராய்ச்சி விவரம்’ என்கிறார்கள். கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு. மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும் ஹெல்சிங்கி பிரகடனம், உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஏற்றுக்கொண்டது, 2013-இல் திருத்தப்பட்டபோது, ஆய்வில் பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் அதன் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கியிருக்கிறது: 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த அதன் மருந்துச் சோதனை ஒழுங்குமுறையின்படி, சோதனை முடிந்து பொதுவாக ஓராண்டுக்குள், மருத்துவம் படிக்காதவருக்கும் புரியும் சுருக்கம் ஒன்றை வெளியிட வேண்டும். இந்தச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்பது வேறு விஷயம்.

நீங்கள் கேட்டிருப்பவை உண்மையில் இரண்டு கேள்விகள். தந்தை சாப்பிட்டது புதிய மருந்தா, ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் வேறு மாத்திரையா என்பதைப் பெரும்பாலும் அவரைப் பார்த்த மருத்துவரே அப்போது அறிந்திருக்க மாட்டார். எந்த எண்ணுக்கு எந்த மாத்திரை என்ற குறிப்பு தனியே பூட்டி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் தந்தைக்குச் சோதனை முடிந்தாலும், வேறு ஊரில் கடைசியாகச் சேர்ந்த நோயாளிக்கும் முடிந்து, கணக்கெல்லாம் சரிபார்க்கப்பட்ட பிறகே அதைத் திறப்பார்கள். ஆகவே தாமதத்துக்கு நியாயம் உண்டு. ‘அதெல்லாம் ஆராய்ச்சி விவரம்’ என்ற பதிலுக்கு நியாயம் இல்லை. அந்த ஆராய்ச்சியே அவருடைய ரத்தத்தில்தானே நடந்தது?

வீட்டில் பழைய ரிப்போர்ட் ஃபைலைத் தேடிப் பாருங்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலை நோயாளியிடம் தர வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளில் உள்ளது. முதன்மை ஆய்வாளரையும், பங்கேற்பவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவையும் தொடர்புகொள்ளும் விவரம் அந்தத் தாள்களில் இருக்க வேண்டும். ‘சிடிஆர்ஐ’ என்று தொடங்கி ஆண்டும் மாதமும் சேர்ந்த நீண்ட எண் கண்ணில் பட்டால், இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டின் இணையதளத்தில் அதைக் கொண்டு தேடி, சோதனை முடிந்துவிட்டதா என்று பார்க்கலாம். பிறகு ஆய்வாளரிடமும் நெறிமுறைக் குழுவிடமும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகவே தட்டிக்கழிப்பார்கள்.

கேள்வி: நான் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியர். புதிய சிகிச்சை பலன் தரவில்லை என்று தெரிந்த பிறகு, அதை ஏற்றுக்கொண்ட நோயாளியிடமே போய்ச் சொல்வது கொடுமையாகாதா?
- வாசகர், மதுரை

பதில்: இந்தத் தயக்கம் எனக்கும் இருந்தது. பிரிட்டனில் சினைப்பைப் புற்றுநோய்க்கு நடந்த ‘ஐகான் 8’ சோதனையில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தரும் கீமோவை வாரந்தோறும் தந்து பார்த்தார்கள். நோய் மீண்டும் தலைதூக்குவதை அது தள்ளிப்போடவில்லை. மகிழ்ச்சியான செய்தி அல்ல. இந்த முடிவைப் பங்கேற்ற பெண்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்பதையே தனி ஆய்வாக எடுத்து, இணையப் பக்கம், மின்னஞ்சல், தபாலில் அச்சிட்ட சுருக்கம் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். முடிவை அறிந்த பெண்களில் பெரும்பாலோர் அறிந்ததே நல்லது என்றார்கள். அச்சிட்ட தாள் அனுப்பப்பட்ட மருத்துவமனைகளின் பெண்களுக்குக் கூடுதல் நிறைவு இருந்தது. நம் ஊரில் அந்தத் தாள் தமிழில் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எல்லோருக்கும் கட்டாயமாகச் சொல்லிவிடக் கூடாது. அறிய விரும்பாதிருப்பதும் அவர்கள் உரிமைதான். ஆகவே சோதனையில் சேரும் அன்றே விருப்பத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு ஆண்டுகளில் வாடகை வீடும் கைபேசி எண்ணும் மாறிவிடும் என்பதால், நெருங்கிய உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். நோயாளி இறந்துவிட்டால் யாரிடம் சொல்லலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. கேட்கச் சங்கடமான கேள்வி என்றாலும், துக்க வீட்டுக்கு முன்னறிவிப்பின்றி ஒரு கடிதம் போய்ச் சேர்வதைவிடச் சங்கடமானதல்ல.