பிறப்பா, வளர்ப்பா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு நான்கு வயதில் மகன், இரண்டு வயதில் மகள். மகன் மதிலில் ஏறினால் "ஆம்பிளைப் பிள்ளை அப்பிடித்தான்" என்கிறார் மாமி. மகள் கதிரையில் ஏறினாலே தூக்கி இறக்கிவிடுகிறார். ஆண் பிள்ளைகளின் துடியாட்டம் பிறவியிலேயே வருவதா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: கொஞ்சம் பிறவியில் வருகிறது. மிச்சத்தை நாங்கள் வளர்க்கிறோம். ஓடியாடுவதில் ஆண் பிள்ளைகள் சராசரியாகச் சற்று முன்னே நிற்பது கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரிகிறது. ஆனால் அப்போது அது மிகச் சிறிய வித்தியாசம், வயது ஏற ஏறத்தான் கூடுகிறது. விளையாட்டுப் பொருள் விருப்பத்திலும் உடம்புக்குப் பங்குண்டு. சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் கோளாறால் கருவிலேயே ஆண் ஓமோன் கூடுதலாகப் பட்ட பெண் பிள்ளைகள், பெற்றோர் பொம்மையைக் கையில் கொடுத்தாலும், வாகனங்களை மற்றப் பெண் பிள்ளைகளை விட அதிகம் நாடுகிறார்கள்.

ஏறி இறங்கும் திறமை அப்படியல்ல. அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், சாய்வைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பலகையைக் காட்டி, 11 மாதப் பிள்ளை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும் என்று தாய்மாரிடம் கேட்டார்கள். மகன் உள்ளவர்கள் கூட்டிச் சொன்னார்கள், மகள் உள்ளவர்கள் குறைத்துச் சொன்னார்கள். உடனேயே பிள்ளைகளை இறங்க விட்டுப் பார்த்தபோது இரு பாலாரும் ஒரே அளவுதான்.

ஒரு கிழமைக்கு, யாரை எத்தனை தரம் இறக்கிவிட்டீர்கள் என்று கலண்டரில் கோடு போட்டு வாருங்கள். அடுத்த கிழமையிலிருந்து இருவருக்கும் ஒரே விதி: பிள்ளையின் தோள் உயரத்துக்கு மேற்படாத இடம், கீழே மணல், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர். மதில் இருவருக்கும் வேண்டாம். நான்கு வயதுக்காரனோடு இரண்டு வயதுக்காரியை ஒப்பிடவும் வேண்டாம்; மகன் இரண்டு வயதில் என்ன செய்தான் என்பதை மாமிக்கு நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: கணிதத்தில் கெட்டிக்காரிகளான மாணவிகள் கூட, வரைதல் பாடத்தில் முப்பரிமாண உருவம் வந்தால் தயங்குகிறார்கள். பெண் மூளை இதற்குத் தோதில்லையா?
– ஓர் ஆசிரியர், கிண்ணியா

பதில்: தோதில்லை என்று சொல்ல ஆதாரம் இல்லை. உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஆண் பெண் வேறுபாடுகளில் 78 வீதம் சிறியவை அல்லது இல்லையென்றே சொல்லக்கூடியவை. உருவத்தை மனதில் திருப்பிப் பார்ப்பது மிச்சத்தில் சேரும். அதில் ஆண்கள் சராசரியாக முன்னே நிற்பது உண்மை.

ஆனால் எல்லா ஊரிலும் அல்ல. இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் காசி மக்களும் கார்பி மக்களும் அயலவர்கள். காசி மக்களிடம் சொத்து கடைசி மகளுக்குப் போகும். கார்பி மக்களிடம் ஆண் வழியில் போகும். இரு பக்கத்தாரிடமும் நான்கு துண்டுப் புதிரைக் கொடுத்து நேரம் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. கார்பி ஆண்கள் பெண்களை விட விரைவாக முடித்தார்கள். காசி மக்களிடம் அந்த இடைவெளி இல்லை. மகளுக்கு வீடு எழுதுவது கிழக்கு மாகாணத்துக்குப் புதிதல்ல. ஆனால் உறுதி எழுதினால் மட்டும் போதாது: காசிப் பெண்கள் ஆண்களுக்குச் சமமாகப் படித்துமிருந்தார்கள். இடைவெளியில் ஒரு பங்கை விளக்கியது அந்தப் படிப்புத்தான்.

உங்களுக்குப் பயன்படும் செய்தி இதுதான்: 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த ஆய்வின்படி, இந்தத் திறமை பயிற்சியால் தெளிவாக வளர்கிறது, பயிற்சி முடிந்த பின்னும் நிற்கிறது. இப்படித் தொடங்கிப் பாருங்கள். A4 தாளில் 5 சென்ரிமீற்றர் சதுரங்கள் ஆறைச் சிலுவை வடிவில் வரைந்து, வெட்டி, மடித்துக் கனசதுரமாக்கச் சொல்லுங்கள். பிறகு மடித்தால் கனசதுரமாகும், சிலுவை அல்லாத விரிப்புகளைத் தேட விடுங்கள். சிலுவையையும் சேர்த்து மொத்தம் 11 உண்டு. அடுத்து உடுப்புச் சவர்க்காரக் கட்டியில் ஒரு மூலையைப் படி போல வெட்டி, முன், பக்க, மேல் தோற்றங்களை வரையச் சொல்லுங்கள். கிழமைக்கு மூன்று நாள், 15 நிமிடம் போதும்.

பிழை வருவது இரண்டு இடத்தில். கட்டியைக் கையில் திருப்பிப் பார்த்தே வரைந்தால் மனதுக்கு வேலை இல்லை. முதலில் ஊகித்து வரைந்துவிட்டு, பிறகு திருப்பிச் சரிபார்க்க வேண்டும். மற்றது மணிக்கூடு. நேரக் கட்டுப்பாடு வைத்தால் ஆண் பெண் வேறுபாடு கூடுகிறது, ஆகவே முதல் ஒரு மாதம் நேரம் குறிக்காதீர்கள்.

கேள்வி: குழந்தை வளர்க்கும் தன்மை ஆண் உடம்பில் இல்லை என்கிறார்களே?
– இளம் தகப்பன், தம்பலகாமம்

பதில்: இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 624 இளைஞர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஓமோன் மற்றவர்களை விடக் கூடுதலாக இறங்கியிருந்தது. நாளுக்கு மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்தவர்களுக்கே மிகக் குறைவு. ஆண் உடம்பும் பிள்ளை வளர்ப்புக்கு ஏற்ப மாறுகிறது என்பதற்கு இதை அடையாளமாகப் பார்க்கிறார்கள். பிள்ளையைத் தூக்குங்கள், உடம்பு பின்னால் வரும்.

கேள்வி: மீனைத் தெரிந்து பிரிப்பதும் கருவாடு போடுவதும் நாங்கள். கரையில் நின்று கூட்டமாக இழுக்கும் கரைவலையில் பங்கு கேட்டால் பெண்ணுக்குப் பலம் காணாது என்கிறார்கள்.
– ஒரு வாசகி, சாம்பல்தீவு

பதில்: கைப்பலம் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஜெர்மனியில் 2007இல் வந்த ஓர் அளவீட்டில், 90 வீதமான பெண்களின் கைப்பிடி 95 வீதமான ஆண்களின் பிடியை விடக் குறைவு. பருவம் அடையும் வரை சிறிதாயிருக்கும் இந்த வித்தியாசம், ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறிய பிறகு விரிகிறது. வளர்ந்த ஆணின் இரத்தத்தில் அது பெண்ணுக்குள்ளதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

ஆனால் கரைவலையைத் தனியாள் இழுப்பதில்லை. இடுப்பில் கயிறு மாட்டிப் பின்னால் சாய்ந்து நடக்கும்போது பாரம் காலுக்குப் போகிறது. ஆண் பெண் வித்தியாசம் கையை விடக் காலில் குறைவு. கையால் மட்டும் இழுக்கும் வரிசையில் பெண்களை விட்டுவிட்டு முடிவு சொன்னால் அது சரியான சோதனை ஆகாது. உழவு இயந்திரத்தில் வின்ச் (கயிறு சுற்றும் பொறி) பூட்டி இழுக்கும் இடத்தில் தசை ஒரு காரணமே இல்லை. அங்கேயும் பங்கு இல்லையென்றால், பலத்தைப் பற்றிப் பேசாமல், மீன் தெரிவுக்கும் கருவாட்டுக்கும் எத்தனை பங்கு என்று வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேளுங்கள்.