ஆல்டர்நேட்டிவ் ஸ்ப்ளைசிங் (ஒரே மரபணுவின் ஆர்என்ஏவை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டிப் பல புரதம் ஆக்குவது), புரத டொமைன் (புரதத்தில் தனி வடிவமும் வேலையும் உள்ள பகுதி) இரண்டையும் ஆன்லைன் மரபணுத் தரவுத்தளங்களை வைத்து மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ, பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், தரவுத்தளமோ முழுக்க இங்கிலீஷ். அதனால் என் வழி இதுதான்: ஒரே ஒரு மரபணு, மிச்சமெல்லாம் காகிதத்தில்.

முதல் வருஷம் பழ ஈயின் டிஎஸ்கேம் (Dscam) மரபணுவில் தொடங்கினேன். அது ஒன்றிலிருந்தே 38,016 புரத வடிவங்கள் வரலாம் என்றதும் அசந்துபோனார்கள். அடுத்த வகுப்பில் கேட்டால் அந்த எண் மட்டும்தான் ஞாபகம் இருந்தது!

இப்போது பிசிஎல்2எல்1 (BCL2L1) என்ற மரபணு. யூனிபுரொட் என்ற புரதத் தரவுத்தளத்தில் மனித மரபணுவைத் தேடினால் நீண்ட வடிவமான பிசிஎல்-எக்ஸ்எல் 233 அமினோ அமிலம், குட்டை வடிவமான பிசிஎல்-எக்ஸ்எஸ் 170 என்று இருக்கும். கழிக்கச் சொல்வேன்: 63. ஒரு அமினோ அமிலத்துக்கு ஆர்என்ஏவில் மூன்று எழுத்து என்பதால் மூன்றால் பெருக்கினால் 189. "அப்ப ஆர்என்ஏவுல 189 எழுத்து போயிருக்கு, சார்" என்று ஒரு பெண் சொன்னாள். 190 போயிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். வெட்டுக்குப் பிறகு வரும் மூன்றெழுத்துச் சொல் எல்லாமே பிறழ்ந்துவிடும் என்பதை அவர்களே எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இங்கே போவது முழு எக்ஸான் (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும்போது தங்கும் துண்டு) இல்லை, ஒரு எக்ஸானின் வால் மட்டும். பாடப்புத்தகப் படங்களில் எப்போதும் முழு எக்ஸானே தாவுவதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அப்புறம் டொமைன். அமினோ அமிலத்துக்கு ஒரு எழுத்தாக 233 எழுத்தையும் நீள நாடாவாக அச்செடுத்து, யூனிபுரொட் காட்டும் பிஎச்4, பிஎச்3, பிஎச்1, பிஎச்2 பகுதிகளுக்கு நான்கு நிறம் பூசுகிறோம். இவை டொமைனுக்குள் இருக்கும் சின்னச் சின்ன அடையாளத் துண்டுகள். 126 முதல் 188 வரை வெட்டி, முனைகளை ஒட்டினால் பிஎச்1 நிறம் முழுக்கக் காணோம், பிஎச்2 பாதிக்கு மேல் போய்விட்டது. செல்லின் சாவைத் தூண்டும் புரதங்களைப் பிடித்து வைக்கும் பள்ளம் அமைய அந்த இரண்டும் வேண்டும். நீண்ட வடிவம் செல்லைக் காப்பாற்றுகிறது, குட்டை வடிவம் சாவின் பக்கம் தள்ளுகிறது. கையில் வெட்டிய துண்டு இருக்கும்போது இதைச் சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும்.

என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளத்தைக் கடைசியில்தான் திறப்பேன். அதில் வரிசையாக நிற்கும் டிரான்ஸ்கிரிப்ட் (மரபணுவின் ஆர்என்ஏ நகல்) எல்லாமே புரதமாவதில்லை. பக்கத்தில் இருக்கும் வகைப் பெயரைப் படிக்கப் பழக்குங்கள்.

வீட்டுப்பாடம் கால்சிட்டோனின் மரபணு. தைராய்டில் 32 அமினோ அமில கால்சிட்டோனின், நரம்பில் 37 அமினோ அமில சிஜிஆர்பி (CGRP) என்ற வேறொரு குட்டிப் புரதம். அதற்கு வெட்டினால் மட்டும் போதாது, நாடாவின் முனையையே மாற்றி ஒட்ட வேண்டியிருக்கும்.