மச்சானின் பிஸ்கட் டப்பா

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். அடுக்குக்குறி வளர்ச்சியை, சதுரங்கத்தில் தோற்ற அரசன் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக் கொடுக்க வேண்டிவந்த அம்பலப்புழைக் கதையில் தொடங்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கணினிச் சில்லில் டிரான்சிஸ்டர் என்ற நுண்சுவிட்சுகள் இரட்டித்துக்கொண்டே போகும் என்கிற மூர் விதியில் தொடங்கலாமா? தொழில்நுட்பத்தின் அசுர வேகத்தை வீடியோவில் காட்ட நினைத்தேன், புரொஜெக்டர் பழுது.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் ‘அசுர வேகம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வாளையார் வழியாகப் போகிற ரயிலும் வேகமாகத்தான் போகிறது. மணிக்கு மணி அதே தூரம்தானே கூடுகிறது? அடுக்குக்குறி வளர்ச்சியில் ஏற்கெனவே இருப்பதைப் பொறுத்துக் கூடுகிறது. அதனால் தொடக்கத்தில் மந்தமாகவே இருக்கும். பலகையின் முதல் வரிசை முடிந்தபோது அந்த அரசன் கொடுத்திருக்க வேண்டியது வெறும் 255 அரிசி மணி.

கேரளத்துப் பிள்ளைகளுக்கு அம்பலப்புழைக் கதையில் கொட்டாவி வருகிறதென்றால் தப்பு கதையில் இல்லை. அரசன் தோற்றான், கடனைத் தீர்க்கக் கோயிலில் பால்பாயசம் என்று முடித்திருப்பீர்கள். 64ஆவது கட்டத்தில் மட்டும் இருப்பது, முந்தைய 63 கட்டங்களின் மொத்தத்தைவிட ஒரு மணி அதிகம். அதைச் சொன்னீர்களா?

என் மச்சான் வேலந்தாவளத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் 128 எம்பி கார்டு வாங்கினார். அப்புறம் 256, அப்புறம் 512. ஒவ்வொரு முறையும், “இது போதும் மாப்ளே, இனி ஆயுசுக்கும் வாங்க வேண்டாம்” என்பார். பழசைத் தூக்கிப்போட மனசு வராமல் பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைப்பார். ஒரு ஜிபி கார்டு வந்தபோது டப்பாவைக் கவிழ்த்துக் கூட்டிப் பார்த்தோம். மூன்றும் சேர்ந்து 896. புதியது ஒன்றே 1024. “இத்தன வருசமா வாங்குனது மொத்தமும் இந்த ஒண்ணுக்குப் பத்தாதா?” என்று என்னைப் பார்த்தார், நான்தான் ஏமாற்றிவிட்டதுபோல.

பாடத்தை அந்தக் கேள்வியில் தொடங்குங்கள். எவ்வளவு குறைகிறது? 128. முதலில் வாங்கிய கார்டின் அளவு. அடுத்து இரண்டு ஜிபி, அதாவது 2048 எம்பி வாங்கினாலும் அதே 128தான் குறையும். ஏன்? பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ரொம்பவும் திணறினால், டப்பாவில் இன்னொரு 128ஐப் போடச் சொல்லுங்கள். இரண்டு 128 சேர்ந்து ஒரு 256, இரண்டு 256 சேர்ந்து ஒரு 512 என்று தானாக ஏறிப்போகும். சூத்திரத்தை அதுவரை கரும்பலகைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

மூர் விதிக்கு அப்புறம் வாருங்கள். அது இயற்கை விதி அல்ல, ஒரு கணிப்பு. ஒரு சில்லில் இருக்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965இல் சொன்ன கார்டன் மூர், 1975இல் அதை இரண்டு ஆண்டுகள் என்று திருத்திக்கொண்டார். 1971இல் வந்த இன்டெல் 4004 சில்லில் சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள். 1989க்குள் ஒன்பது இரட்டிப்பு என்றால் 11,77,600 ஆக வேண்டும். அந்த ஆண்டு வந்த 80486இல் சுமார் 12 லட்சம்! வகுப்பு கைதட்டும். உடனே 1993க்குப் போங்கள். கணக்குப்படி 47 லட்சம், அந்த ஆண்டின் பென்டியத்தில் இருந்தது சுமார் 31 லட்சம். இதைச் சொல்லாமல் விட்டீர்களென்றால் எனக்கு மறுபடி கடிதம் போடாதீர்கள்.

புரொஜெக்டர் பழுதாகவே கிடக்கட்டும். 2300ஐ ஒன்பது முறை நோட்டில் கையால் இரட்டிக்கச் சொல்லுங்கள். மணி அடித்துவிட்டால் மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.