டிசம்பரில் ஜூரிச்சிலிருந்து ஒரே நாளில் ரயிலில் பனிமலை பார்த்துத் திரும்ப முடியுமா?

முடியும். ஒரு சனிக்கிழமை மட்டுமே கையில் இருக்கிறது, பெற்றோரும் உடன் வருகிறார்கள், பனிச்சறுக்கெல்லாம் வேண்டாம், ஜன்னலோரம் அமர்ந்து பனியைப் பார்த்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சுவிட்சர்லாந்தின் மலைகளைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கும் பெர்னினா ரயில் பாதைக்குப் போங்கள். ஆனால் எல்லோரும் சொல்வதுபோல் கடைசி நிலையமான டிரானோ வரை போகாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பா அம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். டிசம்பர் மூன்றாம் வாரம். விடுமுறைதானே, நிதானமாகக் கிளம்பலாம் என்று காலை ஒன்பதரைக்கு மேல்தான் ஜூரிச்சில் ரயில் ஏறினோம். கூர் நகரில் ஒருமுறை, செயின்ட் மோரிட்ஸில் ஒருமுறை மாறி மலையுச்சிக்கு வரும்போதே மணி இரண்டு. இத்தாலிய எல்லைக்குள் இருக்கும் டிரானோவில் இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு வெளியே வந்தால் பொழுது சாய்ந்துவிட்டது. திரும்பி வர ஐந்தரை மணி நேரம். வழி முழுக்க ஜன்னல் கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. "விடியற்காலையிலேயே கிளம்பியிருக்கலாமே" என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னார். இன்றும் எனக்கு அது மறக்கவில்லை.

அதன் பிறகு குளிர்காலப் பயணம் எதுவானாலும் இருட்டும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கித்தான் கணக்குப் போடுகிறேன். டிசம்பர் நடுவில் அந்தப் பக்கம் எட்டு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை நாலரையை ஒட்டி மறைந்துவிடும். பள்ளத்தாக்குகளில் மலை மறைப்பதால் வெயில் இன்னும் முன்பே போய்விடும். நடுப்பகலில் நீங்கள் உச்சியில் இருக்க வேண்டும். ஜூரிச்சிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய நாலேகால் மணி நேரம். எனவே ஆறரையை ஒட்டிய ரயில். பெரியவர்களுக்குச் சிரமம்தான், ஆனாலும் அவர்களை எழுப்பிவிடுங்கள்.

கூர் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அதுவரை இருட்டு, தூங்கலாம். கூரில் சிவப்பு நிற மலை ரயிலுக்கு மாறும்போது விடிய ஆரம்பித்திருக்கும். ஏறியதும் போகும் திசையில் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். ஒரு மணி நேரத்தில் லாண்ட்வாசர் பாலம் வரும். 65 மீட்டர் உயரம். ரயில் வளைந்து பாலத்தைக் கடந்து நேரே செங்குத்துப் பாறைக்குள் இருக்கும் சுரங்கத்தில் நுழையும். அடுத்து பெர்குன் கிராமம். அங்கிருந்து பிரேடா வரை உயரம் ஏறுவதற்காகப் பாதை சுற்றிச் சுற்றி வளைகிறது. பெர்குன் தேவாலயக் கோபுரம் ஒருமுறை இந்தப் பக்கம் தெரியும், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம், இன்னும் கீழே. அப்பா குழந்தைபோல எண்ணிக்கொண்டே வந்தார்.

செயின்ட் மோரிட்ஸ் வரை போய்த்தான் மாற வேண்டும் என்பதில்லை. சமேடானில் மாறி பொன்ட்ரெசினா வழியாகப் போகும் இணைப்பும் இருக்கும், ரயில் நேரம் காட்டும் செயலியில் பாருங்கள். உச்சியில் இருக்கும் நிலையம் ஒஸ்பிட்சியோ பெர்னினா, 2253 மீட்டர். நம் ஊட்டியின் உயரம்தான் ஏறத்தாழ! பக்கத்திலேயே லாகோ பியாங்கோ ஏரி. குளிர்காலத்தில் அது உறைந்து பனி மூடிவிடுவதால் ஏரி எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஊட்டி ரயில் பற்சக்கரத்தால் ஏறுகிறது. இந்தப் பாதை 1000 மீட்டருக்கு 70 மீட்டர் ஏறும் இடங்களிலும் பற்சக்கரம் இல்லாமலே ஏறுகிறது. ஊட்டி ரயிலின் நீராவி எஞ்சின்களில் பழையவை ஜூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் வின்டர்தூரில் செய்யப்பட்டவை என்பதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

அடுத்த நிலையம் ஆல்ப் க்ரூம். அங்கே இறங்கிவிடுங்கள். ஊர் கிடையாது, கார் போகும் சாலை கிடையாது. ஒரு கல் கட்டடம், எதிரே பாலு பனியாறு, காலுக்குக் கீழே ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பொஸ்கியாவோ பள்ளத்தாக்கு. ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். உணவகம் அந்த நாளில் திறந்திருக்குமா என்று முன்பே பார்த்துக்கொண்டு, எப்படியும் ஒரு பிளாஸ்க்கும் கொஞ்சம் எலுமிச்சைச் சாதமும் எடுத்துப் போங்கள்.

பிறகு நேரம் இருந்தால் பொஸ்கியாவோ வரை இறங்கி, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி வாக்கில் மேலே திரும்புங்கள். பக்வீட் என்னும் தானியத்தின் மாவில் செய்த பிட்சொகெரி என்ற பட்டையான நூடுல்ஸ் அங்கே கிடைக்கும். முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்தது. சைவர்களும் வயிறாரச் சாப்பிடலாம். இப்படித் திரும்பினால் இன்னும் கீழே இருக்கும் புரூசியோவில் ரயில் தன் பாதையையே சுற்றிவந்து கீழே நுழையும் வட்டப் பாலத்தைப் பார்க்க முடியாது. அது இழப்புதான். அதற்காகப் பகல் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் முடிவு.

பெரிய கண்ணாடி ஜன்னல்கள் கொண்ட பெர்னினா எக்ஸ்பிரஸுக்குத் தனியாக இருக்கை முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு அது வேண்டாம். நினைத்த நிலையத்தில் இறங்கி அடுத்த ரயிலில் தொடரலாம். சில பெட்டிகளில் ஜன்னலைத் திறந்து படம் எடுக்கலாம். டிக்கெட்டுக்கு, ஒரு நாள் முழுக்க ரயில்களில் போய்வர உதவும் சேவர் டே பாஸ் நல்லது. முன்கூட்டி வாங்கும்போது மலிவு, ஆனால் பயணத் தேதியை மாற்ற முடியாது. உங்களுக்கு ஒரே சனிக்கிழமைதானே, தயங்காமல் வாங்கிவிடுங்கள். ஒன்று கவனியுங்கள்: ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறுகிறது. நவம்பரில் எழுதிவைத்த நேரத்தை நம்பாமல் கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு மறுபடி பாருங்கள்.

கடைசியாக, அன்று காலை ஜூரிச்சில் வானம் சாம்பல் நிறமாக இருக்கலாம். குளிர்காலத்தில் தாழ்நிலம் நாட்கணக்கில் மூடுபனிக்குள் கிடக்கும். அதே நேரம் மேலே கண் கூசும் வெயில் அடிக்கும். ஜூரிச் வானத்தைப் பார்த்துப் பயணத்தைக் கைவிட்ட நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள், இன்னும் வருத்தமாக இருக்கிறது. மலை மேல் இருக்கும் வெப்கேமராவை விடிந்ததும் ரயிலிலேயே பாருங்கள். அங்கேயும் பனி கொட்டிக்கொண்டிருந்தால் பெர்குனில் இறங்கிவிடலாம். பிரேடாவிலிருந்து பெர்குன் வரை மூடப்பட்ட மலைச் சாலையில் மக்கள் சறுக்குவண்டியில் இறங்கி வருவதை உங்கள் பெற்றோர் கம்பளிக்குள் நின்றபடி பார்த்துக்கொண்டிருக்கலாம். நடைமேடைகளில் உறைபனி வழுக்கும், அம்மாவுக்குப் பிடிப்புள்ள காலணி வாங்கிக் கொடுங்கள். எல்லை தாண்டாவிட்டாலும் மூவரும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள்.