ராஜா ஜோடி, எதிரே நான்கு பேர் – கடிதம்

வணக்கம் சார்,

நாங்கள் ஐந்து நண்பர்கள் சனிக்கிழமை இரவுகளில் போக்கர் ஆடுகிறோம், டெக்சஸ் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து). காசு கிடையாது. ஆளுக்கு 1000 சிப்ஸ். முதலில் காலியாகிறவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் பிரியாணி வாங்க வேண்டும். போன வாரம் அது நான்.

பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடுவது) 5-10. நான் சின்ன பிளைண்டில், கையில் டைமன் ராஜாவும் கிளாவர் ஏழும். யாரும் ஏற்றவில்லை, ஐந்து பேரும் பத்துப் பத்து போட்டு உள்ளே வந்தோம். ஃப்ளாப்பில் (மேஜையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) இஸ்பேடு ராஜா, ஹார்ட்டின் பத்து, ஹார்ட்டின் ஆறு. நான் 40 போட்டேன், மூன்று பேர் கால் (அவர்களும் அதே அளவு போட்டார்கள்). டர்னில் (நான்காவது சீட்டு) கிளாவர் இரண்டு. 150 போட்டேன். ஒருவர் கால், ஒருவர் ஃபோல்ட் (சீட்டை மடக்கி விலகினார்), கடைசி ஆள் 450 என்று ஏற்றினார். கால் செய்தவர் விலகிக்கொண்டார், நான் விடவில்லை. ரிவரில் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) இஸ்பேடு மூன்று. நான் செக் (எதுவும் போடாமல் விட்டேன்). அவர் மீதி 500-ஐயும் தள்ள, நானும் தள்ளினேன். கையிலிருந்த இரண்டு ஆறைத் திருப்பிக் காட்டினார். மொத்தம் மூன்று ஆறு!

அதற்கு முந்தின வாரம் இருவர் மட்டும் மிஞ்சியிருந்தபோது இதே ராஜா-ஏழை வைத்துத்தான் ஜெயித்தேன். டாப் பேரை (மேஜையில் இருக்கும் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி) எப்படி சார் மடக்கி வைப்பது?

மு.

அன்புள்ள மு.,

அந்த 500-ஐத் தள்ளியதை நினைத்துத்தான் உங்களுக்கு வருத்தம் என்று தெரிகிறது. ஆனால் டர்னில் கிளாவர் இரண்டு விழுந்தபோதே சீட்டுக்கட்டில் உங்களைக் காப்பாற்றும் சீட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. ஏழு வந்தால் இரண்டு ஜோடி, மூன்று ஆறிடம் செல்லாது. இன்னொரு ராஜா வந்தால் உங்களுக்கு மூன்று ராஜா, அவருக்கு அதைவிடப் பெரிய ஃபுல் ஹவுஸ் (மூன்று ஆறும் இரண்டு ராஜாவும்).

ரம்மியில் பழகிய கை உங்களுடையது என்று நினைக்கிறேன். அங்கே நம் பதின்மூன்று சீட்டும் சேர்ந்துவிட்டால் டிக்ளேர். எதிரே ஒருவரா நான்கு பேரா என்பது பெரிய கேள்வி இல்லை. ஹோல்டமில் ராஜா-ஏழின் மதிப்பே எதிரே எத்தனை பேர் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு ராஜா உங்கள் கையில், ஒன்று மேஜையில், மிச்சம் இரண்டு. ஃப்ளாப் விழுந்ததும் நீங்கள் பார்க்காத சீட்டு 47. எதிராளி ஒருவர்தான் என்றால் அவரிடம் ராஜா இருக்க சுமார் 8 சதவீத வாய்ப்பு. நான்கு பேர் என்றால் யாரோ ஒருவரிடமாவது இருக்க 31 சதவீதம். உங்கள் மேஜையில் யாரும் எதையும் விடாமல் உள்ளே வருகிறார்கள் என்பதால் இந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். 40 போட்டும் மூன்று பேர் நகரவில்லை என்ற பிறகு அது இன்னும் ஏறும். சரி, ஒருவரிடம் ராஜா இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அவருடைய இன்னொரு சீட்டு இரண்டு முதல் ஐந்துக்குள் இருந்தால் மட்டும்தான் அந்த ஃப்ளாப்பில் உங்கள் ஏழு கிக்கராக (ஜோடி சமமானால் வெற்றியைத் தீர்மானிக்கும் பக்கச் சீட்டு) முந்தும். ராஜா-எட்டு வந்தாலே நீங்கள் பின்னால்.

இது ராஜாவை மட்டும் வைத்துப் பார்த்தது. பத்து-ஆறு, ஜோடி ஆறு, ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) காத்திருக்கும் ராணி-ஜாக், இரண்டு ஹார்ட்டின் என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. இரண்டு ஹார்ட்டின் வைத்திருப்பவர் ரிவருக்குள் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அடிக்க 35 சதவீதம் வாய்ப்பு உண்டு.

அந்த 450-க்கு வருகிறேன். பிளஃப் (கையில் இல்லாமலே மிரட்டி ஏற்றுவது) பலிக்க வேண்டுமானால் எல்லோரும் மடக்க வேண்டும். பாதிக்குப் பாதி மடக்குகிறவர்கள் என்றால்கூட, ஒருவரிடம் 50 சதவீதம் பலிக்கும் பிளஃப் நான்கு பேரிடம் 6 சதவீதம்தான் பலிக்கும். அதனால் கூட்டத்தில் ஒருவர் ஏற்றினால் பெரும்பாலும் உண்மையிலேயே வைத்திருக்கிறார். உங்கள் நண்பர் ஏற்றியது ஒருவர் 150 போட்டு, இன்னொருவர் அதைக் கால் செய்த பிறகு. பிரியாணிக்கு ஆடும் மேஜையில் யாரும் மடக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும்தானே? அங்கே மடக்கியிருந்தால் 200 சிப்ஸோடு போயிருக்கும்.

இருவர் மட்டும் இருக்கும்போது டாப் பேர் பெரிய கைதான். 2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவன்ட்டின் கடைசிக் கையைப் பாருங்கள். ஃப்ளாப் ஜாக், ஐந்து, நான்கு. ஜாக்-பத்து வைத்திருந்த சாமி ஃபர்ஹாவுக்கு டாப் பேர். ஐந்து-நான்கு வைத்திருந்த கிறிஸ் மணிமேக்கருக்கு இரண்டு ஜோடி. ஃப்ளாப்பிலேயே சிப்ஸ் முழுக்க உள்ளே போனது. ஃபர்ஹா தோற்றார், மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார். ஃபர்ஹாவை நான் குறை சொல்ல மாட்டேன், இருவர் ஆட்டத்தில் அதை மடக்குவது கடினம். ஆனால் ஒரே ஒரு எதிராளியிடமே இப்படி அடி விழும்போது நான்கு பேருக்கு நடுவில் ஏழு கிக்கரோடு 1000 சிப்ஸையும் வைப்பது அதிகம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால்? சின்ன பிளைண்டின் ஐந்துக்கு மேல் இன்னொரு ஐந்து சிப்ஸைப் போடாமல் விடுவதுதான் முறை. ஐந்துதானே என்று நானும் போட்டிருப்பேன். ஃப்ளாப்பில் நீங்கள்தான் முதலில் பேச வேண்டியவர், பின்னால் நான்கு பேர். செக். ஒருவர் சின்னதாகப் போட்டால் ஒருமுறை கால். அவர் போட்டு, எனக்கு முன்பே இன்னொருவரும் கால் செய்துவிட்டால் அங்கேயே மடக்கிவிடுவேன். சுற்று முழுக்க செக்கிலேயே போனால் டர்னில், மேஜை நடுவே சேர்ந்திருக்கும் சிப்ஸில் மூன்றில் ஒரு பங்கு அளவு போட்டுப் பார்ப்பேன். நீங்கள் போட்ட 40-கூடப் பெரிய தப்பில்லை. மூன்று கால் வந்த பிறகு போட்ட 150-தான் தப்பு. ராஜா-ஏழைவிட மோசமான எந்தக் கை அதற்குப் பணம் தரும்? ஹார்ட்டின்காரர் தருவார், ராஜா-ஐந்து தரலாம். மற்றபடி மிஞ்சுகிறவர்கள் உங்களை அடிப்பவர்கள்.

அப்புறம், டாப் பேர் எட்டு, ஒன்பது என்று கீழே இருந்தால் தொல்லை வேறு மாதிரி. கையில் எட்டும் அதைவிடச் சின்ன சீட்டும், ஃப்ளாப்பிலும் எட்டுதான் பெரிது என்றால், டர்னில் அதற்கு மேலான சீட்டு விழ 47-க்கு 24 வாய்ப்பு. நான்கு பேரில் ஒருவருக்கு அது பொருந்தியிருக்கலாம்.

ஒன்று மட்டும் உங்கள் நண்பரிடம் கேளுங்கள். மேஜையில் இரண்டு ஹார்ட்டின் கிடக்க, மூன்று ஆறு சேர்ந்தவர் ஃப்ளாப்பில் வெறும் கால் செய்துவிட்டு எப்படி உட்கார்ந்திருந்தார்? டர்னில் ஒரு ஹார்ட்டின் விழுந்திருந்தால் பிரியாணி அவர் தலையில் விழுந்திருக்கலாம்.