குச்சிக்கிழங்கு ஊரில் கோதுமை இல்லாத அடுப்பு: கேள்வி பதில்

என் மகனுக்கு ஐந்து வயதில் செலியாக் என்று தெரிந்தது, அதாவது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய். அன்றிலிருந்து பதினான்கு வருடமாக எங்கள் வீட்டு அடுப்பில் கோதுமை ஏறியதில்லை. குளூட்டன் சேராதவர்கள் வெளிநாட்டுப் பலகாரங்களை வீட்டில் எப்படிச் செய்வது என்று சேலத்திலிருந்தும் மலையிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு ஒன்பது வயது. போன மாதம்தான் செலியாக் என்றார்கள். பேக்கரியைத் தாண்டும்போதெல்லாம் பன் கேட்டு அழுகிறாள். அரிசி மாவில் செய்து பார்த்தேன், கல் மாதிரி வந்தது அக்கா.

பதில்: மனசை விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. மாவு பொங்கும்போது உள்ளே உண்டாகும் காற்றைப் பிடித்து வைப்பது குளூட்டன்தான். அரிசியில் அது இல்லை, அதனால் கோதுமை பன்னை அரிசி மாவில் அப்படியே கொண்டுவர முயன்றால் கல்தான் வரும். கோதுமையை நம்பாத அடுப்புகளில் என்ன சுட்டார்கள் என்று பாருங்கள். பிரேசிலில் மினாஸ் ஜெராய்ஸ் பக்கத்தில் 'பாவ் டி கேஜு' என்று ஒரு சீஸ் பன் உண்டு. அது முழுக்க முழுக்கக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக்கிழங்கு ஸ்டார்ச்சில் செய்வது. நம் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிகளில் எடுக்கிறார்களே, அதே மாவு. குச்சிக்கிழங்குக்குத் தாய்வீடே தென் அமெரிக்காதான். 1940களில் போரினால் கிழக்கிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சேலத்துக்காரர்கள் இந்தக் கிழங்கிலிருந்து அதை எடுக்கத் தொடங்கினார்கள். 2023ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உங்கள் மகளுக்கு வேண்டிய மாவு நம் ஊரிலேயே மலிவாகக் கிடைக்கிறது.

ஸ்டார்ச் மாவு 250 கிராமில் உப்பு கலந்து வையுங்கள். பால் 125 மில்லி, எண்ணெய் 60 மில்லி இரண்டையும் சேர்த்துப் பொங்கக் கொதிக்க வைத்து மாவில் ஊற்றிக் கிளறுங்கள். திட்டுத் திட்டாகப் பசை போல ஆகும், பயப்பட வேண்டாம். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி நன்றாகப் பிசையுங்கள். துருவிய சீஸ் 120 கிராம் கடைசியில். மாவு கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், எண்ணெய் தொட்டுக்கொண்டு எலுமிச்சை அளவு உருட்டுங்கள். ஓவனில் 200 டிகிரியில் இருபது நிமிடம். ஓவன் இல்லையா, பணியாரக் கல்லில் சின்னச் சின்னதாக, மூடி போட்டுச் சிறுதீயில் திருப்பி விட்டு எடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், உள்ளே இழுபடும் மென்மை அப்படியே இருக்கும். சூடாகக் கொடுங்கள். ஆறினால் ரப்பர் போல ஆகிவிடும். மாவை மட்டும் மைதா மூட்டைக்குப் பக்கத்தில் திறந்து வைத்த இடத்தில் அள்ளி வாங்காதீர்கள். ஒட்டிய பாக்கெட்டாக வாங்குங்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து: கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டோம். இருந்தும் அப்பாவுக்கு வயிறு சரியாகவில்லை.

பதில்: மாவு எங்கே அரைக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மகனுக்கு இடியாப்பம் சாப்பிட்ட அன்றெல்லாம் வயிற்றுப்போக்கு. அரிசி வீட்டு அரிசி, தேங்காய் வீட்டுத் தேங்காய். கடைசியில் ஒரு நாள் மில்லில் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் ஐந்து கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போனார், அதே கல்லில் என் அரிசியைக் கொட்டினார்கள். நம் நாட்டு விதிப்படி குளூட்டன் இல்லாதது என்று எழுத ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மில் கல்லில் ஒட்டியிருக்கும் கோதுமை மாவே இந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அரிசியை ஊற வைத்து நிழலில் உலர்த்தி வீட்டு மிக்சியில் அரைத்துச் சலியுங்கள். சப்பாத்தி போட்ட கல், அதே ஜல்லடை, அதே மரக்கரண்டி எதுவும் அப்பாவுக்கு வேண்டாம்.

அப்புறம் பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், கட்டியானாலும் தூளானாலும். பாக்கெட்டின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி: கம்பில் குளூட்டன் இருக்கிறது என்று எங்கோ படித்தேன். கம்பங்கூழை நிறுத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. குளூட்டன் உள்ள 'ரை' என்ற வெளிநாட்டுத் தானியத்தைச் சிலர் கம்பு என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது வேறு, நம் கம்பு வேறு. கம்பு, ராகி, சோளம், சாமை, தினை எதிலும் குளூட்டன் கிடையாது. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு, ஃப்ரைடு ரைஸ் கடையில் அதைப் பாருங்கள்.

ஆத்தூரிலிருந்து: எங்கள் காட்டிலேயே மக்காச்சோளம் விளைகிறது. அதில் மெக்சிகோ ரொட்டியான டார்ட்டியா செய்தால் உதிர்ந்துபோகிறது.

பதில்: உலர்ந்த மக்காச்சோளத்தை நேராக அரைத்திருப்பீர்கள். மெக்சிகோவில் சுண்ணாம்பு போட்டு வேக வைத்த பிறகுதான் அரைப்பார்கள். ஒரு கிலோ சோளத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர், சமையலுக்கு ஆகும் சுத்தமான சுண்ணாம்பு பத்து கிராம். எவர்சில்வர் பாத்திரம் வேண்டும், அலுமினியம் கூடாது. தோல் வழுக்கி வரும் வரை வேக விட்டு, அப்படியே ராத்திரி ஊற வைத்து, காலையில் தேய்த்துத் தேய்த்து நாலைந்து தண்ணீரில் கழுவுங்கள். கிரைண்டரில் தண்ணீர் தெளித்துக் கெட்டியாக ஆட்டினால் மாவு சேர்ந்து நிற்கும். இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் உருண்டையை வைத்துத் தட்டால் அழுத்தி, நன்றாகக் காய்ந்த கல்லில் போடுங்கள். மக்காச்சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் (பி3 வைட்டமின்) சத்தையும் சுண்ணாம்புதான் விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்டதால் இத்தாலியில் ஏழைகளுக்கு நியாசின் குறைவால் பெலாக்ரா என்ற நோய் வந்தது. மருந்து தடவிய விதைச் சோளத்தைத் தொடவே தொடாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து: எத்தியோப்பியாவின் புளித்த மாவுத் தோசையான இஞ்சேராவைச் சாமையில் செய்யலாமா? இங்கே குளிரில் தோசை மாவே புளிப்பதில்லை.

பதில்: செய்யலாம். அங்கே டெஃப் என்ற சிறுதானியத்தில் செய்வார்கள். நான் சாமை இரண்டு பங்கு, ராகி ஒரு பங்கு போடுகிறேன். புளிக்க உங்களுக்கு மூன்று நாள்கூட ஆகலாம். வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் கம்பளி சுற்றி வையுங்கள். புளித்ததும் ஒரு கரண்டி மாவைத் தண்ணீர் விட்டுக் கூழாகக் காய்ச்சி, ஆறியதும் மாவிலேயே கலந்து இரண்டு மணி நேரம் விடுங்கள். எத்தியோப்பியர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், இது இல்லாவிட்டால் ஓரம் கிழியும். ஆப்பம் மாதிரி ஊற்றி, கண் கண்ணாகத் திறந்ததும் மூடுங்கள். திருப்பிப் போடக் கூடாது.

ஓமலூரிலிருந்து: கோதுமையை விட்டதும் உடம்பு நன்றாக இருக்கிறது. இப்போது செலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: விட்ட பிறகு செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். முதலில் வயிற்று டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: தட்டுவடை செட் சாப்பிடலாமா அக்கா?

பதில்: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்கறியும் வைப்பதுதானே, அரிசி மாவுத் தட்டுவடைதான். ஆனால் சில இடங்களில் மைதா சேர்க்கிறார்கள், பெருங்காயமும் இருக்கும், எண்ணெயும் பொது. வீட்டில் தட்டிக்கொள்ளுங்கள். ஆத்தூர்க்காரர் செய்யும் டார்ட்டியாவை எண்ணெயில் பொரித்தால் அதுவே மெக்சிகோவின் டோஸ்டாடா. அதன்மேல் நம் பச்சைச் சட்னி, காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்துக் கொடுத்தேன், மகன் ஏழு சாப்பிட்டான். சட்னியை மட்டும் சாப்பிடும்போது தடவுங்கள், முன்பே தடவினால் நமத்துவிடும்.