கண்ணுக்குத் தெரியாத பெட்டி

கேள்வி: பாலக்கோடு தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றுகிறேன். வயது 26. ஊர்த் திருவிழாவுக்கு நண்பர்கள் சேர்ந்து நாடகம் போடுகிறோம். எனக்கு வட்டிக்காரர் வேஷம். ‘பொழுது சாயறதுக்குள்ள பணம் வரலைன்னா உன்னை இந்த ஊர்ல இருக்க விடமாட்டேன்’ என்று கத்தும்போது இருமல் வருகிறது. இரண்டாவது காட்சிக்குள் தொண்டை கட்டிவிடுகிறது. மரக்கட்டை மாதிரி நிற்கிறேன் என்று வேறு திட்டு. மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஜிம்முக்குப் போனால் சரியாகுமா?

பதில்: நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறவருக்கு ஜிம் எதற்கு தம்பி? உங்கள் சிக்கலே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நாளைக்கு மண்டியில் பெட்டியைத் தரையிலிருந்து கிளப்பும் அந்த ஒரு நொடியில் தொண்டையைக் கவனியுங்கள். ‘ம்க்’ என்று மூச்சை அடைப்பீர்கள். குரல்வளையில் உள்ள இரண்டு மடிப்புகளும் இறுக மூடிக்கொண்டு நெஞ்சுக்குள் காற்றைப் பூட்டிவைக்கும். பாரம் தூக்கும்போது உடம்புக்கு அந்தப் பிடிமானம் தேவை. ஆனால் குரல் பிறப்பதும் அதே மடிப்புகள் அதிர்ந்துதான். வட்டிக்காரருக்குக் கோபம் வந்ததும் மேடையில் இல்லாத ஒரு பெட்டியைத் தூக்குகிறீர்கள். முட்டி விறைக்கிறது, தோள் காதுக்கு ஏறுகிறது, தொண்டை அடைக்கிறது. சாத்திய கதவை இடித்துக்கொண்டு வசனம் வருகிறது. இருமாமல் என்ன செய்யும்?

இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றித் தள்ளிக்கொண்டே அந்த வசனத்தைச் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரல் நசுங்கும். கையின் பலத்தைக் குறைக்காமல், முட்டியை மட்டும் லேசாகத் தளர்த்தி, காற்றை விட்டுக்கொண்டே மறுபடி பேசுங்கள். கை வேலை செய்யும்போதும் தொண்டை சும்மா இருக்கலாம் என்பது உடம்புக்குப் புரிய ஒரு வாரமாவது ஆகும். பிறகு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வசனம் சொல்லுங்கள். மண்டியில் நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஒத்திகைக்கு முன் பத்து நிமிடம் போதும். சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டுவார்களே, உதட்டை அதிரவிட்டு ‘ப்ர்ர்ர்’ என்று? அதைக் கீழ்க்குரலிலிருந்து மேல்குரலுக்கு ஏற்றி இறக்குங்கள். உதட்டை இறுக்கினால் சத்தம் நின்றுவிடும், அதுதான் இதில் வசதி. அப்புறம் மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது புத்தகம் எழ வேண்டும், நெஞ்சு தூக்கக் கூடாது. வெளியே விடும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக 20 விநாடி இழுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். நீங்களோ ‘பொழுது சாயறதுக்குள்ள’ என்பதிலேயே பாதிக் காற்றைக் கொட்டிவிடுகிறீர்கள். கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கு ‘உன்னை இந்த ஊர்ல இருக்க வி...’ என்பது வரைதான் கேட்கும். விடுவாரா, விடமாட்டாரா? கடனாளிக்கு வீடு கட்டிக் கொடுப்பார் என்றுகூட நினைத்துக்கொள்வாள். ‘பணம் வரலைன்னா’ என்றதும் நிறுத்துங்கள். அவனை ஒரு பார்வை பாருங்கள். வாய் திறந்தால் மூச்சு தானே உள்ளே போகும். மிச்சத்தைக் கத்தாமலே சொல்லலாம், கத்துவதைவிட அதுதான் பயமாக இருக்கும்.

கோடையில் உங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடந்தால் ஒரு ராத்திரி உட்காருங்கள். கதையை விட்டுவிட்டுக் காலையும் மூச்சையும் பாருங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்துகொண்டு விடியும்வரை ஆடிப் பாடுகிறார்களே, எப்படி? வேஷக்காரர் ஒரு அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவருக்கு மூச்சும் வந்துவிடும், சுற்றி ஆடவும் நேரம் கிடைக்கும். உங்களுக்குப் பின்பாட்டு கிடையாது. அதனால் நிறுத்தும் இடங்களை வசனத் தாளில் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகும் கற்கண்டும் உணவுக்குழாய் வழியாகப் போகிறவை, குரல் மடிப்பைத் தொடுவதே இல்லை. எச்சில் ஊறி இதமாக இருக்கும், அவ்வளவுதான். இளவயதில் நான் அதை நம்பி மூன்று நாள் கத்தினேன். நாலாம் நாள் என் வசனத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து வேறொருவர் பேசினார். வெயிலில் வேலை செய்கிறீர்கள், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி கனைக்காதீர்கள், மடிப்புகள் ஒன்றோடொன்று மோதும். தொண்டை கட்டிய அன்று குசுகுசுவென்று பேசினால் ஓய்வு என்று நினைக்கிறோம், சில பேருக்கு அதுவே கூடுதல் சிரமம். பேசாமல் இருங்கள்.

கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் ஒத்திகையை ஒத்திப்போட்டுவிட்டு, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பெட்டி தூக்கும் வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள்.